டிராஃபிக்கில் மட்டும் மக்கர் பண்ணும் கிளட்ச்... மாற்றுவதற்கு முன் இதையெல்லாம் பாருங்க!

காலை எட்டரை மணி. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலை வழியாக ராயபுரம் போகிறீர்கள். முன்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர், பின்னால் இன்னொன்று. காசிமேடு ஜீரோ கேட் வழியாகத் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசை. பத்தடி நகர்ந்தால் ரெண்டு நிமிஷம் நிற்கணும். அரை மணி நேரத்தில் கிளட்ச் சேட்டையை ஆரம்பிக்கிறது. ஃபர்ஸ்ட் கியர் விழ மாட்டேங்குது. இல்லன்னா, ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வண்டி நகரல. ராத்திரி காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தால்... ஒண்ணுமே இல்ல!

மெக்கானிக்கிடம் போனால், "கிளட்ச் செட்டையே மாத்திடலாம் சார்" என்பார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், கியர்பாக்ஸை இறக்கிச் செய்ய வேண்டிய பெரிய வேலை அது. கோளாறு ஆயிலிலோ கேபிளிலோ இருந்தால், புது செட் போட்ட பிறகும் அதே தொல்லை தொடரும்.

டிராஃபிக்கில் மட்டும் ஏன்?

இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் சாண்ட்விச் மாதிரி இருப்பது கிளட்ச் பிளேட். பெடலை விட்டால் மூன்றும் இறுக்கமாக ஒட்டிச் சுற்றும். முழுசாக மிதித்தால் பிரியும். பாதி மிதித்தால், அதாவது ஹாஃப் கிளட்ச்சில், பிளேட் உரசிக்கொண்டே சுற்றும். உரசினால் சூடு. சூடு ஏறினால் பிடிப்பு குறையும், கருகல் வாடை வரும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் இருப்பது பிரேக் ஆயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். பழைய ஆயில் அதிகம் சூடானால் குமிழ்கள் உருவாகி பெடல் தளர்ந்துபோகும். ஆறினதும் எல்லாம் சரியான மாதிரி தெரிவது இதனால்தான்.

நீங்களே செய்யும் நாலு டெஸ்ட்

முதலில் கீழே குனிந்து பாருங்கள். ஃப்ளோர் மேட் பெடலுக்கு அடியில் மடங்கியிருந்தாலும் கியர் விழாது!

1. ஸ்லிப் ஆகுதா? காலி ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில், ஃபோர்த் கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதியுங்கள். ஆர்.பி.எம் முள் எகிறி, வேகம் ஏறவில்லை என்றால் ஸ்லிப். பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது அதில் ஆயில் பட்டிருக்கும். கேபிள் ரொம்ப டைட்டாக இருந்தாலும் இப்படி ஆகும். அதற்கு அட்ஜஸ்ட்மென்ட்டே போதும்.

2. முழுசா பிரியுதா? இடம் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜின் ஓடட்டும். கிளட்ச்சை முழுக்க மிதித்து, மூன்று செகண்ட் கழித்து ரிவர்ஸ் போடுங்கள். 'கரகர'ன்னு சத்தம் வந்து, இன்ஜினை ஆஃப் பண்ணினால் மட்டும் கியர் ஈஸியாக விழுந்தால், கிளட்ச் சரியாகப் பிரியவில்லை.

3. பம்ப் பண்ணினா சரியாகுதா? பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்ததும் கியர் விழுந்தால், ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கலாம், சிலிண்டர் கசியலாம். கேபிள் வண்டி என்றால், கடல் காத்தில் கேபிள் துருப்பிடித்து இழுவை கனமாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. சத்தம் எப்போ வருது? பெடலை மிதிக்கும்போது மட்டும் வந்தால் ரிலீஸ் பேரிங் மீதுதான் முதல் சந்தேகம்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீங்க

பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதில் லெவல் இறங்கியிருந்தால், அது பிரேக் பிரச்னையும்கூட. கசிவைச் சரி பண்ணாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

நடுரோட்டில் கிளட்ச் கைவிட்டால், ஹசார்ட் லைட் போட்டு இடது ஓரம் ஒதுங்கப் பாருங்கள். டிரெய்லரின் மூக்கை ஒட்டி நிற்கும் கார், உயரமான கேபினில் இருக்கும் டிரைவர் கண்ணில் படாது. வண்டி நகரவே இல்லையென்றால், சுற்றிப் பார்த்து இறங்கி, பாதுகாப்பான ஓரத்துக்குப் போய்விடுங்கள்.

காலையும் கொஞ்சம் கவனிங்க

முன்னால் இருக்கும் லாரி நகர நகர நீங்களும் ஊர்ந்து போகாதீர்கள். ஒரு வண்டி நீளத்துக்கு இடம் விழட்டும், பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். நிற்கும்போது நியூட்ரல் போட்டு, காலை கிளட்ச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். மேம்பால ஏற்றத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது ஹேண்ட் பிரேக், ஹாஃப் கிளட்ச் அல்ல.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் "கிளட்ச் சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சூடானதும் ஃபர்ஸ்ட் கியர் விழல, பம்ப் பண்ணினா விழுதுண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன், பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்ப்பார்!