'பெல்லட்டா... எனக்கு வேண்டாம்!' அடம்பிடிக்கும் கிளியை வழிக்குக் கொண்டு வருவது எப்படி?

புதுக்கோட்டை டவுனாகட்டும், ஆலங்குடி, அறந்தாங்கியாகட்டும்... லவ் பேர்ட்ஸ், காக்டெயில் என்று வெளிநாட்டுக் கிளிகளை வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ப்பவர்கள் உண்டு. (நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.)

ஆனால் இந்தச் செல்லங்களுக்கு மூன்று வேளையும் என்ன போடுகிறோம்? தினை, இல்லாவிட்டால் சூரியகாந்தி விதை! 'நல்லாத்தானே திங்குது, அப்புறம் என்னங்க?' என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து.

விதையில் என்ன குறை?

சூரியகாந்தி விதையில் கொழுப்பு ஜாஸ்தி. வைட்டமின் 'ஏ'வும் கால்சியமும் ரொம்பக் குறைவு. நமக்கு தினமும் பஜ்ஜி, போண்டா மட்டும் கொடுத்த மாதிரிதான்! வருஷக்கணக்கில் இதையே தின்னும் கிளிக்கு ஈரலில் கொழுப்பு படியும். வைட்டமின் 'ஏ' குறைந்தால் தும்மல், மூக்கடைப்பு, வாய்க்குள் வெள்ளைத் திட்டு என்று வரும். கால்சியம் போதாத பெட்டைக்கு முட்டை வெளியே வராமல் சிக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆலங்குடிப் பக்கத்து வேர்க்கடலை நமக்கு ருசிதான். ஆனால் நமத்துப்போன, பூஞ்சணம் பிடித்த கடலை கிளியின் ஈரலுக்கு விஷம். ஜாக்கிரதை!

பெல்லட் என்பது தானியம், சோயா, வைட்டமின், தாது உப்புகளை அரைத்துச் சேர்த்து உருட்டிய தீனி. பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்னும் வேலை இதில் நடக்காது. பார்க்க கோழிக் குச்சித் தீவனம் மாதிரி இருக்கும். அதற்காகக் கோழித் தீவனத்தையே வாங்கிப் போட்டுவிடாதீர்கள்! அது வேறு கணக்கு. சிலவற்றில் மருந்தும் கலந்திருக்கும்.

'பசிச்சா தானா திங்கும்' - கூடவே கூடாது!

விதையிலேயே வளர்ந்த கிளிக்கு பெல்லட் சாப்பாடு என்றே தெரியாது. தீனி நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பட்டினி கிடக்கும். சின்னப் பறவைகள் ஓரிரு நாள் பட்டினியிலேயே செத்துப்போகலாம். அதனால் நிதானம் முக்கியம். நோயில் இருக்கும்போதும், இறகு உதிர்க்கும்போதும், குஞ்சு வைத்திருக்கும்போதும் தீனியை மாற்ற வேண்டாம்.

படிப்படியாக...

* கிராம் காட்டும் சின்ன எலெக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

* முதல் வாரம், விதையோடு பத்தில் ஒரு பங்கு பெல்லட். கிளி அதைத் தொட்டுத் தின்ன ஆரம்பித்த பிறகே அளவைக் கூட்டுங்கள்.

* காலைப் பசி நேரத்தில் முதலில் பெல்லட் கிண்ணம். ஒரு மணி நேரம் கழித்து வழக்கமான தீனி.

* பெல்லட்டைப் பொடித்து, ஈரமான முருங்கைக்கீரை, துருவின கேரட் மேல் தூவுங்கள். முளைகட்டின பச்சைப்பயறோடும் கலக்கலாம். வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமே இருக்கிற மாவட்டத்தில் பயறுக்கா பஞ்சம்!

* லவ் பேர்ட்ஸுக்கு ஒரு தந்திரம்: தரையில் சின்னக் கண்ணாடியைப் படுக்க வைத்து அதன்மேல் பெல்லட்டைப் போடுங்கள். 'இன்னொருத்தன் திங்கிறானே' என்று தானும் கொத்தும்!

சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். கிண்ணம் நிறைந்திருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊதிப் பாருங்கள், மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கும்.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் (90 கிராம் காக்டெயில் 81 கிராமுக்கு இறங்கினால்) உடனே பழைய தீனிக்குத் திரும்புங்கள். எச்சம் அளவில் குறைந்து கரும்பச்சையாக இருந்தாலும், கிளி இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தாலும் தாமதம் வேண்டாம். பக்கத்திலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டலாம். பக்கத்து மாவட்டத்தில் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கலர் பெல்லட் தின்றால் எச்சமும் அந்தக் கலரில் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

பழகிய பிறகு...

பாதிக்கு மேல் பெல்லட். மீதி கீரை, காய், கொஞ்சம் பழம். விதை இனி பரிசு மாதிரி, கையால் இரண்டொன்று. பெல்லட்டிலேயே வைட்டமின் இருப்பதால் தனியாக சொட்டு மருந்து கூடாது, அதிகமானாலும் கெடுதல்தான். பெல்லட் காய்ந்த தீனி என்பதால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு தினம் இரண்டு தடவை தண்ணீரை மாற்றுங்கள். நனைத்த பெல்லட்டை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள், புளித்துவிடும். மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

நன்றாகப் பராமரித்தால் காக்டெயில் 15 வருஷத்துக்கு மேலும் நம்மோடு இருக்கும். அதற்காகச் சில வாரம் பொறுமையாக இருக்கலாம்தானே?