துடைக்காதீர்கள்... அவை பூச்சி அல்ல!

கடல் மீன் தொட்டியின் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஊர்கின்றனவா? பதறித் துடைத்துவிடாதீர்கள். அவை கோபிபாட்கள், இறாலுக்கும் நண்டுக்கும் உறவுக்கார நுண்ணுயிர்கள். பாசியையும் மிஞ்சிய இரையையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பவை. அழகான மாண்டரின் மீனுக்கு இவைதான் முக்கிய உணவு. இவை இல்லாத ‘பளிச்’ தொட்டியில் அது மெலிந்து செத்தே போகும்.

இவற்றைப் பெருக்க ‘ரெஃபூஜியம்’ வையுங்கள். பெரிய தொட்டியின் நீர் வந்துபோகும் சிறு தொட்டி இது. இதில் மீன் விடக் கூடாது. செயற்கைக் கற்களும், நூல்பந்து போன்ற கீட்டோமார்ஃபா பாசியும் போதும். நைட்ரேட், பாஸ்பேட்டை உறிஞ்சிப் பாசி வளரும். அவ்வப்போது கொஞ்சம் அள்ளி எடுத்தால் கழிவும் சேர்ந்தே வெளியேறும். பெரிய தொட்டியில் விளக்கு அணைந்ததும் இங்கே எரியட்டும். இரவில் நீரின் பி.ஹெச். அளவு அதிகம் இறங்காது.

கவனம்!

* புதிய தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். அதுவரை மீன் வேண்டாம். மாண்டரினுக்குப் பல மாதங்கள் பொறுங்கள்.

* செம்பு கலந்த மருந்தை ஊற்றாதீர்கள், கோபிபாட்கள் அழிந்துவிடும். நோயுற்ற மீனுக்குத் தனித்தொட்டியில் சிகிச்சை கொடுங்கள்.

* நம் நாட்டில் கடலிலிருந்து பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம்.