கழுவிய பின் களை எடுக்கும் இயந்திரம் ஓட மறுக்கிறதா?

மாலையில் களை எடுத்து முடிந்ததும் சேறு படிந்த இயந்திரத்தைப் பம்புசெட் தொட்டியருகே நிறுத்தி, நன்றாகத் தண்ணீர் அடித்துக் கழுவி வைப்பது பல உழவர்களின் வழக்கம். பழக்கம் நல்லதுதான். ஆனால் மறுநாள் காலையில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் என்ஜின் உயிர் பெறுவதில்லை. வயலில் களை மண்டிக் கிடக்கிறது. மேகம் கூடி வருகிறது. இன்று களை எடுக்காமல் விட்டு மழையும் பிடித்துக்கொண்டால், அடுத்த ஒரு வாரத்துக்கு வயலில் கால் வைக்க முடியாது. களைக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

இத்தகைய நேரத்தில் பதற்றத்தில் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் பெரிய தவறு. முதல் நாள் வரை ஒழுங்காக ஓடிய என்ஜின் கழுவிய மறுநாள் ஓடவில்லை என்றால், பெரும்பாலும் எதுவும் உடைந்துவிடவில்லை. தண்ணீர் எங்கோ புகுந்திருக்கிறது, அவ்வளவே. அது எங்கே என்று வரிசையாகத் தேடினால், ஒரு பிளக் ஸ்பானர், ஒரு திருப்புளி, கொஞ்சம் உலர்ந்த துணி ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலேயே சரிசெய்து விடலாம்.

பெட்ரோல் என்ஜின் ஓட நான்கு வேண்டும். நல்ல தீப்பொறி, சுத்தமான பெட்ரோல், தடையில்லாத காற்று, சிலிண்டருக்குள் போதிய அழுத்தம். தண்ணீர் இவற்றில் எதையும் கெடுக்க வல்லது.

முதலில் பார்க்க வேண்டியவை

கழுவும்போது சைலன்சர் வாயிலோ காற்று வடிகட்டியிலோ பாலிதீன் பை கட்டியிருந்தால் அதை அவிழ்த்தாயிற்றா? பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? சுவிட்சு சரியான நிலையில் உள்ளதா? இவற்றை மறந்துவிட்டு அரைநாளை வீணாக்கியவர்கள் உண்டு.

இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். பல என்ஜின்களில் ஆயில் குறைந்தால் தீப்பொறியை நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது. இயந்திரம் சாய்ந்து நின்றாலே அது வேலை செய்துவிடும். பிறகு ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றாமல் என்ஜினை ஓட்டவே கூடாது. 5 முதல் 7 குதிரைத்திறன் என்ஜின்களுக்குச் சாதாரணமாக 600 மில்லி அளவு ஆயில் பிடிக்கும். சரியான அளவு இயந்திரத்துடன் வந்த புத்தகத்தில் இருக்கும்.

கயிறு கல் போல் இறுகியிருந்தால்

கயிற்றை இழுக்கும்போது பாதியில் கல்லில் இடித்தாற்போல நின்றால் பலம் காட்டக் கூடாது. சைலன்சர் வழியாகவோ வடிகட்டி வழியாகவோ தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். கழுவுவதற்காக இயந்திரத்தைத் தவறான பக்கம் சாய்த்திருந்தால் ஆயிலும் உள்ளே இறங்கியிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. வலிந்து இழுத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்கில்.

சுவிட்சை நிறுத்த நிலையில் வைத்து, பெட்ரோல் குழாயை மூடி, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கயிற்றை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் உள்ளேயிருக்கும் தண்ணீர் பிளக் துளை வழியாக வெளியேறும். முகத்தைத் துளைக்கு நேரே வைக்கக் கூடாது. தண்ணீர் நின்றதும் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலைத் துளையில் விட்டு மீண்டும் சில முறை இழுத்தால் சிலிண்டர் துருப்பிடிக்காது.

தீப்பொறிச் சோதனை

கழுவிய இயந்திரம் ஓடாததற்கு மிகப் பொதுவான காரணம் பிளக்கின் மேல் மாட்டும் மூடிக்குள் தேங்கும் ஈரம்தான். மூடியைக் கழற்றி உட்புறத்தையும் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் பகுதியையும் துணியால் துடைத்து, அரைமணி நேரம் வெயிலில் வைத்தாலே பல என்ஜின்கள் ஓடிவிடும்.

அப்படியும் ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்க்க வேண்டும். முத்து முத்தாக நீர் இருந்தால் சிலிண்டரில் தண்ணீர். பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி இல்லை, அல்லது சோக் போட்டு அளவுக்கு மேல் இழுத்தாயிற்று. காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. பிளக்கைத் துடைத்துக் காய வைக்க வேண்டும். அடுப்பு நெருப்பில் காட்டக் கூடாது. முனை இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது.

சோதிக்கும் முன் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, பெட்ரோல் குழாயை மூடி, சிறிது நேரம் ஆவி கலையவிட வேண்டும். பிறகு பிளக்கை மூடியில் மாட்டி, அதன் இரும்புப் பகுதி என்ஜின் உடலில் படும்படி, ரப்பர் பிடியுள்ள குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிளக் துளையிலிருந்து எட்ட இருப்பது அவசியம். சுவிட்சைப் போட்டு மற்றொருவர் கயிற்றை இழுத்தால் நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தெரிய வேண்டும்.

பொறி இல்லையென்றால் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். இந்த என்ஜின்களை நிறுத்தும் சுவிட்சு, காயிலின் மின்சாரத்தை என்ஜின் உடலுக்குத் திருப்பிவிட்டுத்தான் பொறியை நிறுத்துகிறது. சுவிட்சுக்குள் தண்ணீர் நின்றால் அந்தத் தண்ணீரே அதே வேலையைச் செய்துவிடும். சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டுச் சோதித்துப் பொறி வந்தால் கோளாறு சுவிட்சில்தான். அதைக் காய வைத்து, ஒயரைத் திரும்ப மாட்டிய பிறகே ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஆபத்து நேரத்தில் இயந்திரத்தை நிறுத்த முடியாமல் போகும்.

காற்றும் பெட்ரோலும்

காற்று வடிகட்டி நனைந்திருந்தால் என்ஜினுக்கு மூச்சுத் திணறும். பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பின் சில சொட்டு ஆயில் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித வடிகட்டி ஊறிவிட்டால் புதியது போடுவதே மேல். கிண்ணத்தில் ஆயில் ஊற்றும் வகையில் அந்த ஆயிலை மாற்றிவிட வேண்டும். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் புழுதி சிலிண்டரை அரித்துவிடும்.

பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. எனவே டேங்க் மூடி வழியாக இறங்கிய சிறிதளவு தண்ணீரும் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கிவிடும். கிண்ணத்தின் அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் அடியில் தனியாக நீர் தெரியும். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும்; தண்ணீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். ஆகவே தண்ணீர் புகுந்த பெட்ரோலை டேங்கிலிருந்தும் முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே சரி. இந்த வேலையைத் திறந்த வெளியில், பீடியும் நெருப்பும் அண்டாத இடத்தில் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்து என்ஜின் ஓடத் தொடங்கியதும் பத்து நிமிடம் சுமையில்லாமல் ஓடவிட்டால் மிச்ச ஈரமும் உலர்ந்துவிடும். அதன் பிறகு ஆயிலை மீண்டும் ஒருமுறை பார்ப்பது அவசியம். இவ்வளவு செய்தும் பொறி வரவில்லை என்றாலோ, தண்ணீர் வெளியேறிய பின்னும் கயிறு இறுகியே இருந்தாலோ மெக்கானிக்கிடம் கொண்டு போவதுதான் முறை.

கழுவும் முறை

ஓடி முடித்த சூட்டோடு தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். காய்ந்த சேற்றை முதலில் குச்சியாலும் பிரஷ்ஷாலும் சுரண்டிவிட வேண்டும். காற்று வடிகட்டி, சைலன்சர் வாய், பிளக், சுவிட்சு ஆகியவற்றைப் பாலிதீனால் மூடி, கத்திகளையும் சக்கரங்களையும் மட்டும் தண்ணீரால் கழுவலாம். என்ஜினை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பம்புசெட் குழாயை நேரே அதன் மேல் பீய்ச்சக் கூடாது.

கழுவியதும் மூடியவற்றை அவிழ்த்து, அன்று மாலையே ஐந்து பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட வேண்டும். கோளாறு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அதைச் சரிசெய்ய ஓர் இரவு கையில் இருக்கும். காலையில் களை வேலை தடைப்படாது.