சொல் மாறினும் பொருள் மாறாமை

ஒரு மொழி பல இடங்களில் பரவி வழங்குங்கால், இடத்திற்கேற்ப அதன் வழக்குகள் வேறுபடுதல் இயல்பு. மக்கள் பேசும் மொழிக்கு மட்டுமன்று, கணிப்பொறிக்கென மனிதன் படைத்த மொழிக்கும் இவ்வுண்மை பொருந்தும். எஸ்.கியூ.எல். என்னும் மொழி இதற்குத் தக்க சான்றாகும்.

வங்கிக் கணக்கு, தேர்வு மதிப்பெண், மருந்து இருப்பு முதலிய செய்திகளை அட்டவணைகளாக அடுக்கிக் காக்கும் களஞ்சியம் தரவுத்தளம் எனப்படும். இம்முறைக்கு அடிகோலிய கட்டுரையை ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்களஞ்சியத்தை வினவுதற்குரிய மொழியை, அந்நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவரும் 1974இல் அறிமுகம் செய்தனர். அமெரிக்காவில் இம்மொழிக்குப் பொதுவிதி வகுக்கப்பட்டது 1986இல்தான். அதற்குள் வெவ்வேறு நிறுவனங்கள் தத்தம் போக்கில் அதனை வளர்த்துவிட்டன. ஆதலின், இன்று ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்.கியூ.எல். சர்வர் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி வழக்குடையதாய் விளங்குகின்றது.

ஓரிடத்தில் எழுதிய வினாக்களை மற்றோரிடத்திற்கு மாற்றும் தேவை அடிக்கடி நேர்கின்றது. 'முதல் பத்து வரிசைகளை மட்டும் தருக' என்பதற்கு எஸ்.கியூ.எல். சர்வரில் 'டாப்' என்றும், போஸ்ட்கிரெசில் 'லிமிட்' என்றும் எழுதுதல் வேண்டும். சொல்லை மாற்றாது விட்டால் கணிப்பொறி ஏற்க மறுத்துவிடும். தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் இத்தகைய பிழையால் பெருந்தீங்கு இல்லை. ஏற்றுக்கொண்டு தவறான விடை தரும் பிழையே அஞ்சத் தக்கது.

இரு பாடங்களில் ஒரு மாணவர் பெற்ற மொத்த மதிப்பெண் 119 எனக் கொள்வோம். அதனை 2ஆல் வகுக்கச் சொன்னால், ஆரக்கிள் 59.5 என விடை தரும். போஸ்ட்கிரெசோ, இரண்டும் முழு எண்களாக இருப்பின், பின்னத்தை நீக்கி 59 என்று தரும். கட்டளையில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விடை மாறிவிட்டது. சராசரி 59.5 பெற்றோர்க்கே உதவித்தொகை என்பது விதியாயின், அம்மாணவர் அதனை இழப்பார் அன்றோ?

இதனினும் நுட்பமானது 'டிரிக்கர்' என்னும் தூண்டி. அட்டவணையில் ஒரு மாற்றம் நிகழ்ந்தவுடன் தானே இயங்குமாறு எழுதி வைக்கப்பட்ட கட்டளையே தூண்டியாகும். இது பொதுவிதியில் இடம்பெற்றது 1999இல்தான். எனவே இதன்கண் வேறுபாடுகள் மிகுதி. மருந்து வழங்கியதைப் பதிவேட்டில் எழுதியதும், இருப்புக் கணக்கில் அதனைக் கழிக்கும் தூண்டி ஒன்று மருத்துவமனையில் இருப்பதாகக் கருதுவோம். ஆரக்கிளில் 'ஒவ்வொரு வரிசைக்கும்' எனக் குறித்து எழுதினால், ஒரே கட்டளையால் மூன்று மருந்துகள் பதிவாகும்போது தூண்டி மும்முறை இயங்கும். எஸ்.கியூ.எல். சர்வரில் அது கட்டளைக்கு ஒருமுறையே இயங்கும். புதிய வரிசைகள் மூன்றும் 'இன்செர்ட்டெட்' என்னும் தற்காலிக அட்டவணையில் ஒருங்கே கிடைக்கும். இதனை உணராது, ஒரு வரிசைக்கென எழுதியதை அப்படியே பெயர்த்தால், ஒரு மருந்து மட்டும் கழிக்கப்படும். ஏனைய இரண்டும் கணக்கில் குறையாது நிற்கும். பிழைச் செய்தி யாதும் தோன்றாது. நோயாளிக்கு மருந்து தேவைப்படும் வேளையில், ஏட்டில் இருப்பது அலமாரியில் இல்லை என்பது வெளிப்படும்.

ஆகவே, மாற்றுவோர் முதலில் பழைய கட்டளை எதற்காக எழுதப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். பின்னர் அக்கருத்தைப் புதிய வழக்கில் எழுதுதல் வேண்டும். இறுதியாக, ஒரே தரவை இரு தளங்களிலும் இட்டு, விடைகளை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். ஒரு வரிசையோடு சோதனையை நிறுத்துதல் கூடாது. பல வரிசைகளை ஒருங்கே சேர்த்தும், ஒரு வரிசையும் மாறாத கட்டளையை இட்டும் பார்த்தல் நன்று.

சொல்லுக்குச் சொல் வைப்பது எளிது. பொருள் குன்றாமற் கொண்டு சேர்ப்பதே அரிது. கணிப்பொறி ஏற்றுக்கொண்டது என்பதனாலேயே ஒரு கட்டளை சரியானதாகிவிடாது. விடையைச் சரிபார்க்கும் பொறுப்பு என்றும் மனிதனுடையதே.