பெண்ணின் மூளை – 9: கேசரிப் பருப்பு கண்ட பேதம்

மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் ஸ்தாபக இயக்குநராக விஜயலட்சுமி ரவீந்திரநாத் அம்மையார் இருந்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது; மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்வார்களாக. இவ்வாரம் கோலார் ஜில்லாவின் சீனிவாசபுரத்துக்கு அழைத்துப் போவதாக வாக்களித்திருந்தேன். ஆனால் கேசரிப் பருப்பு வழிமறித்துக்கொண்டது.

மழை பொய்த்துக் கோதுமை கருகிய வருஷங்களிலும் தான் மட்டும் விளைந்து நிற்கும் அந்தப் பயிரே மத்திய இந்தியாவில் ஏழைகளுக்குக் கதியாக இருந்தது. ரீவா பிரதேசத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே அதை அளந்து போட்டார்கள். மாதக்கணக்கில் அதையே பிரதான ஆகாரமாகக் கொண்டவர்களுக்கு முழங்கால்கள் மடங்காமல் விறைத்து, நடக்கையில் கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட, முன்பாதத்தை மட்டும் ஊன்றிக் கோலின் துணையால் நகரும் துர்க்கதி நேர்ந்தது. தக்கர்களை ஒடுக்கிச் சரித்திரத்தில் இடம்பெற்ற ஸ்லீமன் துரை, 1844-ல் வெளியான தமது பிரயாண நூலில் இவ்விதம் கால் விளங்காமற்போன வாலிபர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கொள்ளையரைத் துரத்திய கண்ணுக்குப் பருப்பும் தப்பவில்லை! அதிலுள்ள விஷத்தை 1964-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ் முதலியோர் பிரித்தெடுத்தார்கள்.

என்னை இவ்வாரம் முழுவதும் ஆட்டிவைத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது. முடங்கியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதே அடுப்பில் சமைத்து அதே பருப்பை உண்ட ஸ்திரீகளோ, முக்கியமாகப் பிள்ளைப்பேற்றுப் பிராயத்திலிருந்தவர்கள், பெரும்பாலும் தப்பினார்கள். ஏன்? அம்மையாரின் குழுவினர் சுண்டெலிகளுக்கு அவ்விஷத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, ஆண் எலியின் நரம்பணுக்களில் சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் முதற்பகுதி செயலிழந்தது. பெண் எலி தாக்குப்பிடித்தது. விஷத்தால் கெட்ட புரதங்களை, மழுங்கிய உளியைத் தீட்டுக்கல் கூராக்குவதுபோல் மீட்டுத்தரும் குளூட்டாரெடாக்சின் என்னும் நொதி பெண் மூளையில் இயல்பாகவே அதிகம். பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனின் செயலை மருந்தால் தடுத்தவுடன் அது குறைந்தது. பெண் எலிக்கும் ஆண் எலியின் கதியே நேர்ந்தது.

பார்க்கின்சன் நோயை உண்டாக்கும் எம்.பி.டி.பி. என்னும் ரசாயனத்திலும் இதே பேதத்தை 2004-ல் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். 1982-ல் கலிபோர்னியாவில் கலப்பட ஹெராயினை ஏற்றிக்கொண்ட வாலிபர்கள் அசைவற்று உறைந்துபோக, டாக்டர் லாங்ஸ்டன் கண்டறிந்த குற்றவாளி அதுதான். அது மூளைக்குள் மாறியெடுக்கும் உருவமோ, நம் மலேசியத் தோட்டங்களில் புல்லுக்கு அடித்த பராகுவாட்டுக்குக் கிட்டத்தட்ட உடன்பிறப்பு.

பெரட்டுக் கலைந்ததும் முகத்தில் துணியைச் சுற்றி, மருந்துப் பம்பை முதுகில் ஏற்றிக்கொண்டு நிரைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பம்பு ஒழுகினால் முதுகும் நனையும். பராகுவாட்டுக்கு 2002-ல் அறிவித்த தடை 2006-ல் தளர்ந்து, 2020 ஜனவரி முதல் தேதிதான் பூரணமாயிற்று. அதற்குள் பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் சுங்காயிலும் மருந்தடித்த அக்காமார்களில் அநேகர், தோட்டம் விலைபோன பிறகு ஈப்போவின் தாமான்களில் குடியேறி, ஈஸ்ட்ரோஜனின் காவல் நீங்கும் வயதையும் கடந்துவிட்டார்கள்.

சுண்டெலியிலிருந்து மனுஷிக்கு ஒரே தாவலில் போகக் கூடாது என்பதை அறிவேன். எலி நமக்குத் தருவது சந்தேகத்தை மாத்திரமே. அதைத் தீர்க்க மனிதர்களையே வருஷக்கணக்கில் பின்தொடர வேண்டும். 45 வயது கடந்த கிராமவாசிகளின் மூளையையும் இரத்தத்தையும் ஞாபகசக்தியையும் சீனிவாசபுரத்தில் அவ்விதமே பரிசோதித்துவருகிறார்கள். பேராக்கின் பழைய தோட்டத்துப் பெண்களுக்கு அப்படியொரு பரிசோதனை ஏன் வேண்டுமென்பதை, வேறு பருப்பு எதுவும் குறுக்கிடாவிட்டால், அடுத்த வாரம் சீனிவாசபுரத்தைச் சுற்றிக்காட்டிக்கொண்டே சொல்கிறேன்.

(தொடரும்)