இறுகிய பனி, புதுப்பனி: இரு வகைச் சறுக்குக் கட்டைகள்

ஜொகூரின் மிக உயர்ந்த சிகரமான லேடாங் மலையின் உயரம் 1,276 மீட்டர். அங்கே மூடுபனி உண்டு; உறைபனிச் சரிவு கிடையாது. ஆனாலும் மலேசியா 2018-இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் களமிறங்கியது. மலைச்சரிவுச் சறுக்கில் ஜெப்ரி வெப் போட்டியிட்டார். 2022-இல் பெய்ஜிங் சென்ற அருவின் சலேஹுதீன், குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் மலேசியப் பெண்.

இயந்திரம் சமன்செய்த தடத்துக்கு
இத்தகைய போட்டிகளின் தடத்தில் பனி கல்லாக இறுகியிருக்கும். அதனால் கட்டையின் நடுவே உள்ள இடுப்புப் பகுதி ஒடுங்கியது: மலைச்சரிவுச் சறுக்கின் ஒரு பிரிவான ஜெயன்ட் ஸ்லாலம் போட்டியில் அதன் அகலம் 65 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. ஒடுங்கிய கட்டையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டெனச் சாய்க்கலாம். கூரிய எஃகு விளிம்பு பனியைக் கடித்துப் பிடிக்கும். உள்ளே உள்ள உலோகத் தகடு அதிர்வைத் தணிக்கும்.

தடம் போடாத பனிக்கு
காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் கார் கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரம்வரை ஏறுகிறது. மேலே அபர்வத் மலைச் சரிவுகளில் மாவு போன்ற புதுப்பனி. ஒடுங்கிய கட்டை அதில் புதைந்துவிடும். 100 மில்லிமீட்டரைத் தாண்டும் அகலமும் மேல்நோக்கி வளைந்த முனையும் ஆளை மிதக்க வைக்கும். இந்த வடிவத்துக்கு முன்னோடி, 2000-களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு வீரர் ஷேன் மெக்காங்கி வடிவமைத்த ‘ஸ்பாட்சுலா’. அதற்கு அவர் முன்மாதிரியாகக் கொண்டது நீர்ச்சறுக்குக் கட்டையை.

இரு வகைக் கட்டைகளையும் தரையில் வைத்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: தரையைத் தொடுவது எந்தக் கட்டையின் நடு, எந்தக் கட்டையின் நுனி?