கிளி பொறுக்க முடியாத சாப்பாடு

ஒரு கிளி சூரியகாந்தி விதையை உரிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், அந்த அலகு எத்தனை நுட்பமான கருவி என்று விளங்கும். மேல் அலகின் உட்புறம் வரிவரியாக மேடுகள். விதை அந்த மேட்டில் அணைந்து நிற்கிறது. தடித்த நாக்கு அதை உருட்டித் திருப்பிக் கொடுக்கிறது. கீழ் அலகின் கூர்விளிம்பு ஓட்டைப் பிளக்கிறது. ஓடு கீழே, பருப்பு உள்ளே. நம்முடைய மேல்தாடை மண்டையோட்டோடு இறுகிப்போனது; கிளியின் மேல் அலகோ தனியாக அசையக்கூடியது. வேண்டாத விதையை உருட்டிப் பார்த்தே ஒதுக்கிவிடவும் அந்த நாக்குக்குத் தெரியும்.

இந்தப் பொறுக்கும் திறமைதான் கூண்டுக்குள் வந்ததும் பறவைக்கு வினையாகிறது. கடையில் விற்கும் கலவைத் தீனியைக் கிண்ணத்தில் போடுங்கள். தினை, ஓட்ஸ், மக்காச்சோளம், குசும்பா விதை, சூரியகாந்தி எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் பார்த்தால் சூரியகாந்தி மட்டும் காலியாகியிருக்கும். கிண்ணத்தை மறுபடி நிரப்புகிறோம். மறுபடி அதுவே தீர்கிறது. ‘எல்லாம் கலந்துதான் போடுகிறேன்’ என்று வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருக்க, பறவை ஒரே ஒரு விதையில் ஆண்டுக்கணக்காக உயிர் வாழ்ந்துகொண்டிருக்கும்.

அந்த விதையில் என்ன இருக்கிறது? பருப்பின் எடையில் பாதி எண்ணெய். நூறு கிராமில் கால்சியம் 80 மில்லிகிராம் அளவுதான். பாஸ்பரஸ் 600-ஐத் தாண்டும். உடம்புக்கு வேண்டியது இதன் தலைகீழ்: பாஸ்பரஸை விடக் கால்சியம் கூடுதலாக இருக்க வேண்டும். வைட்டமின் ஏ-வாக மாறக்கூடிய சத்து இல்லை என்றே சொல்லலாம். வைட்டமின் டி3 அறவே கிடையாது.

காட்டில் இதே ஆசை கிளியைக் காப்பாற்றுகிறது. விடியலில் கிளம்பி, மைல் கணக்கில் பறந்து, மொட்டு, பிஞ்சு, பழம், பாதி முற்றிய விதை, மரப்பட்டை என்று மணிக்கணக்கில் மேய்கிற பறவைக்கு எண்ணெய்ப் பருப்பு எப்போதோ கிடைக்கும் ஒன்று. கிடைத்ததை விடாதே என்று அதன் உடம்பு சொல்வது நியாயம். பெருவின் தம்போபாட்டா காட்டில் மக்காவ் கிளிகள் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரை மண்சுவரில் இறங்கிக் களிமண்ணைத் தின்னும். அந்த மண்ணில் உள்ள சோடியம் அவற்றின் வழக்கமான உணவில் குறைவு. அங்கே குறையை ஈடுகட்ட இடம் இருக்கிறது. கூண்டில் கிண்ணம் ஒன்றுதான்.

கிளிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் வாயைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அண்ணத்தின் நடுவே உள்ள பிளவின் ஓரங்களில், நலமான கிளிக்குக் கூர்கூராகச் சிறு முட்கள் நிற்கும். வைட்டமின் ஏ குறைந்தால் அவை மழுங்கிவிடும். வாயையும் மூச்சுக்குழாயையும் ஈரமாக வைத்திருக்கும் மெல்லிய படலம் காய்ந்து தடிக்கும். உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அடைபட்டு நாக்கடியில் வெள்ளைக் கட்டிகள் வரும். கிருமி நுழைய வழி திறக்கும். அமேசான் கிளிகளுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறும். ஆப்பிரிக்கன் கிரே கிளிக்கு இரத்தத்தில் கால்சியம் சரிந்து வலிப்பு வரும். நேற்றுவரை விசிலடித்துக்கொண்டிருந்த பறவை திடீரென்று கம்பியிலிருந்து விழுந்தது என்று வீட்டார் சொல்வார்கள். பெரும்பாலும் அது பல மாதங்களாக வந்துகொண்டிருந்த நோய்.

விதையின் மேல் வைட்டமின் பொடி தூவினால் சரியாகிவிடுமா? பொடி ஒட்டுவது ஓட்டின் மேல். ஓட்டைத்தான் கிளி துப்பிவிடுகிறதே.

மணி மணியாக அச்சில் செய்த தீனியான பெல்லட் இந்த இடத்தில் பிறந்தது. 1980-களில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டாம் ரௌடிபுஷ், கிராவ் என்ற இருவர் காக்டெயில் என்ற கிளியின் குஞ்சுகளுக்கு வெவ்வேறு அளவு புரதம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 20 பங்கு புரதம் இருந்த உணவில் குஞ்சுகள் நன்றாக வளர்ந்தன. கோழிக்கு எவ்வளவு தேவை என்று உலகத்துக்கு நுணுக்கமாகத் தெரிந்திருந்தது. கிளிக்கு என்ன தேவை என்று அளந்து பார்த்த முதல் முயற்சிகளில் அது ஒன்று. ரௌடிபுஷ்ஷின் பெயரிலேயே ஒரு பெல்லட் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

செய்முறை எளிது. மக்காச்சோளம், சோயா, கோதுமை போன்றவற்றை மாவாக்கி, தாதுவும் வைட்டமினும் கலந்து, நீராவியும் அழுத்தமும் கொடுத்துப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிவதுபோல் துளை வழியே தள்ளி நறுக்குகிறார்கள். சூட்டில் மாவுச்சத்து வெந்து எளிதில் செரிக்கும். அழகு எங்கே என்றால், ஒவ்வொரு மணியும் அடுத்த மணியைப் போலவே இருக்கிறது. எதை எடுத்தாலும் முழுச் சாப்பாடு. பல லட்சம் ஆண்டுகள் கூர்தீட்டிய அந்தப் பொறுக்கும் திறமைக்குப் பொறுக்க எதுவும் இல்லை.

ஆனால் எல்லாப் பெல்லட்டும் ஒன்றல்ல. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கும் கிளியிடம் செல்லாது. அதே டேவிஸ் வளாகத்தில் எலிசபெத் கௌட்சோஸ் குழுவினர் வளர்ந்த காக்டெயில்களுக்கு வைட்டமின் ஏ இல்லாத உணவு முதல் மிக அதிகமாக உள்ள உணவு வரை கொடுத்து நீண்ட நாள் கவனித்தார்கள். 2003-இல் வந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது: குறைவை விட மிகுதியே அந்தப் பறவைகளை அதிகம் பாதித்தது. மிகுதியாகத் தின்றவற்றின் குரல் எழுப்பும் விதம்கூட மாறிப்போனது. வைட்டமின் டி3-ம் அப்படியே. மக்காவ் குஞ்சுகளுக்கு அது மிகுந்தால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியும்.

நியூசிலாந்தின் ககாபோ கிளியின் கதை இன்னும் வியப்பானது. 1995-இல் உலகத்தில் மிச்சம் 51 பறவைகள். அவை பெருக வேண்டுமென்று துணை உணவு கொடுத்தார்கள். நன்றாகத் தின்று கனத்த தாய்களுக்குப் பிறந்தவற்றில் ஆண் குஞ்சுகளே அதிகம். பெண் பறவைகள் போதாமல் தவித்த இனத்துக்கு அது எதிர்ப்பக்கம் இழுக்கும் விளைவு. பிறகு ஒவ்வொரு தாயின் எடையையும் பார்த்து உணவை அளந்து கொடுத்தபோது விகிதம் சமனுக்கு வந்தது. சாப்பாடு எவ்வளவு ஆழம் வரை போய்த் தொடுகிறது, பாருங்கள்.

ஆகவே பையின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். முட்டையிடாத, வளர்ந்த பறவைக்குப் புரதம் நூற்றுக்கு 12 முதல் 15 போதும். ‘பிரீடர்’ என்று எழுதிய பெல்லட் குஞ்சு பொரிக்கும் பறவைக்கு மட்டும். வைட்டமின் ஏ ஒரு கிலோவுக்குப் பத்தாயிரம் சர்வதேச அலகை (IU)த் தாண்டினால் நான் அந்தப் பையை எடுக்க மாட்டேன். பீட்டா கரோட்டினைச் சேர்த்திருந்தால் இன்னும் நல்லது. உடம்பு தனக்கு வேண்டிய அளவை மட்டும் அதிலிருந்து வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், மிகுதி விஷமாகாது. பெல்லட் தின்னும் பறவையின் தண்ணீரில் வைட்டமின் சொட்டு விடுவது ஆபத்து. இரண்டிலிருந்தும் சேர்ந்து வைட்டமின் மிகுந்துபோகும்.

பீட்டா கரோட்டினுக்கு நம் ஊர்க் காய்கறிக் கடையே போதும். முருங்கைக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி, பழுத்த சிவப்பு மிளகாய். கிளிக்கு மிளகாய் கொடுப்பது பேச்சு வரவழைக்க என்று சொல்வார்கள். பேச்சுக்கும் மிளகாய்க்கும் தொடர்பில்லை, ஆனால் கொடுத்தது நல்ல காரியம். மிளகாயின் காரம் கிளிக்கு உறைப்பதே இல்லை. நம் நாக்கில் சூட்டை உணரும் ஒரு புரதத்தை மிளகாயின் காரப்பொருள் ஏமாற்றித் தூண்டுகிறது. கோழியிடம் உள்ள அதே புரதம் அந்தப் பொருளுக்கு மசியவில்லை என்று ஜோர்ட், டேவிட் ஜூலியஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2002-இல் காட்டினார்கள். அந்தப் புரதத்தைக் கண்டறிந்ததற்காக ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். விதையைக் கடித்து அரைக்கும் எலியை விரட்டி, முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவையை வரவேற்க மிளகாய்ச்செடி கண்ட வழி இது. தட்டில் மூன்றில் இரண்டு பங்கு பெல்லட், மிச்சம் இப்படிப்பட்ட காய், கீரை, கொஞ்சம் பழம் என்பது நல்ல அளவு. அவகாடோவும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு. வீட்டில் உள்ள எல்லோருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

சிவப்பும் மஞ்சளுமாகச் சாயமிட்ட பெல்லட் நம் கண்ணைக் கவரும். கிளிக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. இறகின் சிவப்பையும் மஞ்சளையும் கிளி தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது, தீனியிலிருந்து வாங்குவதில்லை. சாயத்தால் ஒரு கெடுதலும் உண்டு. எச்சத்தின் நிறம் மாறிவிடும். கல்லீரல் கெட்டால் எச்சத்தின் வெள்ளைப் பகுதி பச்சையாகும்; அதுதான் வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் முதல் எச்சரிக்கை. சாயம் அதை மறைத்துவிடும்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் நான் இன்னும் அதிகமாகக் கவலைப்படுவது ஈரத்தைப் பற்றி. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சை அதற்குக் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். ஈரம் பட்ட கடலை, மக்காச்சோளம் இரண்டிலும் அந்தப் பூஞ்சை இன்றும் வளரும். சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கும் பெல்லட் மலிவாகக் கிடைக்கும். தயாரித்த தேதி தெரியாத எதையும் வாங்காதீர்கள். முத்திரையிட்ட சிறிய பையாக வாங்கி, இறுக மூடி, திறந்த சில வாரங்களில் தீர்த்துவிட வேண்டும்.

எந்தக் கிளி என்பதும் முக்கியம். காக்டெயிலும், நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று அழைக்கப்படும் பட்ஜியும் ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவைகள். புல்விதைதான் அவற்றின் பரம்பரைச் சாப்பாடு. அவற்றுக்குத் தினையை அறவே நிறுத்த எனக்கு மனம் வராது. தேன் குடிக்கும் லோரி கிளிக்குச் சாதாரணப் பெல்லட் பொருந்தாது. நம் பச்சைக்கிளியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

விதையிலிருந்து பெல்லட்டுக்கு மாற்றுவதில்தான் பலர் தோற்கிறார்கள். எது சாப்பாடு என்பதைக் கிளி தாயிடமும் கூட்டத்திடமும் கற்றுக்கொள்கிறது. கற்காத ஒன்று வயிறு காய்ந்தாலும் அதற்குச் சாப்பாடாகத் தெரியாது. ‘பசித்தால் தின்னும்’ என்று கிண்ணத்தை மாற்றிவிட்டால், 30, 40 கிராம் எடையுள்ள ஒரு பட்ஜி இரண்டே நாளில் செத்துப்போகலாம். பெல்லட்டைப் பொடித்து விதையோடும் நறுக்கிய காயோடும் கலந்து, விதையை வாரக்கணக்கில் மெல்லக் குறையுங்கள். அதன் எதிரே உட்கார்ந்து நீங்களும் ஒரு மணியைக் கடிப்பதுபோல் காட்டினால் பல கிளிகள் கிட்டே வந்து பார்க்கும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எச்சம் சிறுத்துக் கரும்பச்சையாகிவிட்டால் அது தின்னவில்லை என்று பொருள்.

இத்தனை நன்மைக்கும் பெல்லட் ஒன்றைப் பறித்துக்கொள்கிறது: வேலையை. காட்டில் பல மணி நேரம் தேடி, உரித்து, துளைத்துத் தின்ற பறவை இங்கே சில நிமிடத்தில் வயிறு நிரப்பிவிட்டு நாள் முழுவதும் சும்மா இருக்கிறது. சும்மா இருக்கும் அலகு தன் இறகையே பிடுங்கத் தொடங்குகிறது. டேவிஸில் 2010 வாக்கில் ஆரஞ்சு இறக்கை அமேசான் கிளிகளுக்கு வழக்கத்தை விடப் பல மடங்கு பெரிய பெல்லட்டைக் கொடுத்தார்கள். காலால் தூக்கிப் பிடித்து, சுழற்றி, கொரித்துத் தின்றன. தின்னும் நேரம் பல மடங்கு நீண்டது. சின்ன மணிகள் பக்கத்திலேயே சும்மா கிடைத்தபோதும், கனமான மூடியைத் தூக்கித் திறந்து பெரிய பெல்லட்டை எடுத்தன.

அமேசான், கிரே போன்ற கிளிகளுக்கு ஆகவே பெரிய அளவுப் பெல்லட்டைக் கேட்டு வாங்குங்கள். சிலவற்றைக் கொட்டாங்குச்சிக்குள் வைத்துக் காகிதத்தால் அடைத்துத் தொங்கவிடுங்கள். காக்டெயில் அப்படிக் காலில் பிடித்துத் தின்னும் பறவை அல்ல, தரையில் மேய்வது. அதற்கு ஒரு அகலத் தட்டில் சுத்தமான காய்ந்த வைக்கோலைப் பரப்பி, சின்ன மணிகளை இடையிடையே தூவிவிட்டால் காலையெல்லாம் கிளறித் தேடிக்கொண்டிருக்கும்.